பாழடைந்த லாட்ஜில் பாதி வெளிச்சம்

கல்யாணத்துக்கு முன் ஜோடிகளைப் படம் எடுப்பவன் பிழைப்பு, ஊரிலேயே மோசமான கட்டடத்தைத் தேடிப்பிடித்து அதில் ஊரிலேயே அதிகம் அலங்கரித்த பெண்ணை நிறுத்துவது. இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எனக்கு வாய்த்தது குற்றாலத்தில் பங்காளிச் சண்டையால் பூட்டிக் கிடக்கும் பழைய லாட்ஜ். மாடி ஹாலில் கூரை பெயர்ந்து, அது வழியாக வெளிச்சம் சாய்வாக விழும். அதைப் பார்த்த அன்றே ஆசை பிடித்துக்கொண்டது. பாதி முகம் வெளிச்சத்திலும் பாதி நிழலிலுமாக ஒரு படம் எடுத்து, தென்காசியில் என் ஸ்டூடியோ வாசல் கண்ணாடிக்குள் மாட்டிவிட வேண்டும். இத்தனை வருஷத்தில் வேறெதையும் நான் இப்படி ஆசைப்பட்டதில்லை.

சாவிக்காரர்

லாட்ஜின் காவலாளி மாடசாமி அண்ணாச்சி. மணப்பெண் மேக்கப் முடித்து வருவதற்குள் வெளிச்சத்தைச் சரிபார்க்க, அவள் நிற்கப்போகும் இடத்தில் யாராவது நின்றாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அண்ணாச்சிதான் நிற்பார். பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, திரும்பச் சொன்ன பக்கம் திரும்புவார், சிரிக்காதீர்கள் என்றால் சிரிக்க மாட்டார். முதல் நாள் எடுத்ததைக் கேமராவிலேயே காட்டினேன். கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தார்.

"மிச்ச மூஞ்சி எங்கன போச்சு தம்பி?"

விளக்கேற்றாத வீடு

பண்பொழியிலிருந்து படமெடுக்க வந்த பெண் ஒருத்தி. அவள் அம்மா லாட்ஜ் வாசலிலேயே மறித்து நின்றுவிட்டார். விளக்கேற்றாத இடத்தில் கல்யாணப் பெண் கால் வைக்கக் கூடாதாம். பெண்ணின் மாமாவைப் பண்பொழிக்குத் திருப்பி அனுப்பி, குத்துவிளக்கும் எண்ணெயும் வரவழைத்தார்கள். நான் நிழலுக்கென்று பார்த்து வைத்திருந்த மூலையில்தான் அதை ஏற்றினார் அந்த அம்மா. அதை அணைக்கவும் கூடாது, நகர்த்தவும் கூடாது.

இதற்குள் சாரல் கட்டி, கூரை வழியாக வந்த வெளிச்சமும் போய்விட்டது. மனம் வெறுத்து, கொண்டுபோன லைட் அத்தனையையும் போட்டேன். ஹால் பளபளவென்று ஆகிவிட்டது. அந்த அம்மாவுக்குத்தான் எத்தனை சந்தோஷம்.

"இம்புட்டு லைட்ட வச்சிக்கிட்டு ஏன் தம்பி இருட்டுல நின்னு கஷ்டப்படுதிய?"

கறுத்த கன்னம்

செங்கோட்டை ஜோடிக்கு வானம் ஒத்துழைத்தது. பெண்ணின் ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் நிழல். என் வாசலுக்குப் படம் வந்துவிட்டது என்றே நினைத்தேன். அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பா போனில் பிடித்துக்கொண்டார். பெண் சிவப்பு என்று சொல்லித்தான் சம்பந்தம் பேசினார்களாம், பாதி கறுப்பாக இருந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றார். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வெளிச்சத்தை ஏற்றினேன். அவர் போதும் என்று சொல்வதற்குள் சுவர்க்கறை, பாசி, விரிசல் எல்லாமே வெளுத்துவிட்டன. மாப்பிள்ளை பார்த்துவிட்டு மரியாதையாகத்தான் கேட்டார்.

"படம் நல்லாருக்கு அண்ணே, ஆனா இதுக்கு எதுக்கு எங்கள அந்தப் பாழடைஞ்ச கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போனிய?"

அண்ணாச்சியின் படம்

ஐப்பசி மழையில் அண்ணாச்சி நெஞ்சுவலியில் போய்விட்டார். சிவகிரியில் வேலை பார்க்கும் மகன் கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டு வந்தான். வீட்டில் ஒரு படம்கூட இல்லையாம். சோதனைக்கு எடுத்தவற்றை நான் அழிப்பதில்லை. திறந்தால் வரிசையாக அண்ணாச்சி. அதில் ஒன்று, நான் தேடிய படமேதான். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் பாதி முகம், நிழலுக்குள்ளிருந்து பார்க்கும் இன்னொரு கண், காதில் பீடி. பெண்களின் முகத்திலேயே தேடிக்கொண்டிருந்தவன் இதைப் பார்க்கவேயில்லை. மகன் முன்னாலேயே அழுதுவிட்டேன். அதையே போஸ்டருக்கும் கொடுத்துவிட்டு, என் ஸ்டூடியோ வாசலில் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக என்றான்.

மறுநாள் பேருந்து நிலையச் சுவரில் போஸ்டரைப் பார்த்தேன். முகம் முழுக்க வெளுப்பு, காதில் பீடி இல்லை, பின்னால் அருவி கொட்டுகிறது. துக்க வீட்டில் மகன் நன்றியோடு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா மூஞ்சி ஒரு பக்கம் இருட்டடிச்சிருந்துச்சு அண்ணே, ஃப்ளெக்ஸ் கடையிலயே சரி பண்ணிட்டோம். ஒங்க வாசல்ல மாட்டுததுக்கும் அதையே பெருசா போட்டுக் கொண்டாந்திருக்கேன்."

துக்க வீட்டில் வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா, அருவிக்கு முன்னால் பளிச்சென்று நிற்கும் அண்ணாச்சிதான் இப்போது என் வாசல் கண்ணாடிக்குள் இருக்கிறார், அவரைப் பார்த்து உள்ளே வருகிற எல்லோரும் என் லைட்டிங்கை மெச்சிவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.