குங்குமம் வைத்த சைக்கிள்களும் சகுந்தலா அக்காவும்

நம் சைக்கிள் நிலையக் குழுவில் இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் போன் சத்தத்தில் வீட்டில் யாராவது விழித்துக்கொண்டால் அந்தத் திட்டு எனக்கே சேரட்டும். குழந்தைக்குச் சளி. நெற்றியைத் தொட்டுப் பார்த்து, மூச்சைக் கேட்டு, மறுபடியும் தொட்டுப் பார்த்து, இப்போதுதான் கை ஒழிந்தது. பகலில் எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடுகிறது. இப்போது வெறும் கோபம்தான் இருக்கிறது. அது இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். செல்வி கூப்பிட்டாள். சித்தாள் வேலைக்குப் போகிற செல்வி. உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். "நம்ம சகுந்தலா அக்கா பூட்டாங்க. காத்தால எழுந்துக்கவே இல்ல" என்றாள். மாரடைப்பாம். கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றுவிட்டது. குழந்தை குளிரில் வீறிட்ட பிறகுதான் தண்ணீரை ஊற்றினேன்.

பக்கத்து வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "கருணாபுரத்து அம்மாவா? குடிச்சிருந்தாங்களா?" அக்கா காபிகூடக் குடிக்கமாட்டார், நெஞ்சைக் கரிக்கும் என்பார். கள்ளச்சாராயத்தில் அத்தனை பேர் செத்த தெருவில் வாழ்ந்தவர், மற்ற எல்லோரையும் போல நெஞ்சு வலித்துச் சாகக்கூடாதா? அதற்கும் சான்றிதழ் வேண்டுமா?

பஸ் ஸ்டாண்டை ஒட்டிப் பொது சைக்கிள் நிலையம் திறந்தபோது அக்காவையும் என்னையும் ஒன்றாகத்தான் வேலைக்கு எடுத்தார்கள். காலை அவர், மதியம் நான். சைக்கிள்களுக்குக் கூரை போட்டிருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்கிற எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூட இல்லை. அக்கா வீட்டிலிருந்து ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து கம்பத்தில் கட்டினார். "பி.எஸ்ஸி., அந்தப் பக்கம் இஸ்துக் கட்டு" என்பார். நான் படித்த படிப்பைச் சொல்லித்தான் கூப்பிடுவார், ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. விளம்பரப் பலகையைக் குடை மறைக்கிறது என்று மேற்பார்வையாளர் கத்தினார். "பலகைக்கு வெயில் படணும், எங்களுக்குப் படக்கூடாது, அவ்ளோதான சார்" என்றார் அக்கா. குடை அங்கேயேதான் இருந்தது.

சைக்கிளை எடுக்க அதன் கைப்பிடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் கியூ.ஆர். கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்ய வேண்டும். ஒரு போனுக்கு ஒரு சைக்கிள். விடியற்காலையில் வேலைக்கு ஓடுகிற பெண்களிடம் பட்டன் போன்தான் இருந்தது. பஸ்ஸில் டிக்கெட்டைக் கைமாற்றி வாங்கித் தருவோமே, அதே போல அக்கா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். டீ குடித்துக்கொண்டோ பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டோ நிற்பவர்களிடம் போய், "தம்பி, இவங்களுக்கு ஒரு ஸ்கேன் குடுப்பா" என்று கேட்பார். இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அப்படிப் போனை நீட்டியவர்கள்தான். நிறுவனம் இதை முறைகேடு என்றது. அக்கா பலகையைக் காட்டிக் கேட்டார்: "பொதுன்னு நீங்கதான எழுதி வெச்சிக்கிறீங்க? பொதுன்னா நாங்களுந்தான?"

கல்வராயன் மலையிலிருந்து நர்சிங் படிக்க வந்த மலரை நினைவிருக்கிறதா? அவள் ஊரில் டவர் கிடையாது, கையில் போனும் கிடையாது. மலை பஸ்ஸும் நேரத்துக்கு வராது. முதல்நாள் அந்தப் பெண் யாரிடமும் கேட்காமல் சைக்கிள்களையே பார்த்துக்கொண்டு ஓரமாக நின்றாள். "அம்மாம் பெரிய மலைய எறங்கினு வந்துட்ட, இந்த ரோட்டத் தாண்டி வந்து கேக்க பயமா?" என்று அக்காதான் இழுத்து வந்தார். அதன்பிறகு மலரின் பஸ் வரும்வரை ஒரு சைக்கிள் யார் கைக்கும் போகாது. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் அவள் மஞ்சள் பையில் சாமை கொண்டுவருவாள். அக்கா அதைப் பொங்கி எனக்கும் ஒரு டப்பாவில் வைத்திருப்பார். வயிற்றில் இருக்கிறதுக்கு என்று சொல்லித்தான் கொடுப்பார், எனக்கு என்று சொல்லமாட்டார்.

இனி அந்த மழை. அப்போது எனக்கு ஏழு மாதம். மதியத்துக்கு மேல் வாய்க்கால் வழிந்து நிலையத்துக்குள் தண்ணீர் ஏற ஆரம்பித்தது. மின்சாரம் போய், செயலியும் வேலை செய்யவில்லை. பூட்டு எதுவும் திறக்கவில்லை. மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன். யாரும் தொடக்கூடாது, ஆள் வருவார் என்றார். காலை வேலை முடிந்தும் மழையால் வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார் அக்கா. என்னிடமிருந்து போனை வாங்கி, "உங்க ஆளு வர்றதுக்குள்ள சைக்கிள்லாம் மீன் புடிக்கப் பூடும் சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார் அக்கா. வேலை முடிந்து வந்த பெண்கள் பூட்டிய சைக்கிள்களை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு கருணாபுரத்துக்கு நடந்தார்கள். செல்வியின் ஒற்றை அறைக்குள் மூன்று சைக்கிள்கள். அவள் மாமியார் படுக்க இடமில்லாமல் சுவரில் சாய்ந்தே தூங்கியிருக்கிறார். பொதுச் சொத்து நனையக்கூடாது என்று ஒரு கிழவி உட்கார்ந்து தூங்கிய ஊர் இது. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டதும் துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவி, எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்தினார்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. தப்பிப் பிழைத்த வண்டி மறுபடி ரோட்டுக்குப் போகிறதே என்று சந்தனமும் குங்குமமும் வேறு வைத்திருந்தார்கள். வண்டிக்குப் பொட்டு வைக்க நெற்றி மாதிரி இருக்கிற இடம் எது? கைப்பிடிக்குக் கீழே, அந்தக் கட்டத்தின் மேல்தான். போன் ஸ்கேன் செய்ய மறுத்தது. உடனே செல்வி தேங்காய் நாரும் சோப்பும் கொண்டுவந்து எல்லாவற்றையும் தேய்த்தாள். குங்குமமும் போயிற்று, கட்டமும் உரிந்து போயிற்று. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பொட்டு வெச்சி பேரையே அழிச்சிட்டீங்களேடி."

சிரிப்பு அன்றோடு சரி. மின்சாரம் வந்ததும் சைக்கிள்கள் வெளியே போனது நிறுவனத்தின் திரையில் ஏறிவிட்டது. கட்டத்தை ஸ்கேன் செய்ய முடியாததால் திரும்பி வந்தது ஏறவில்லை. மேற்பார்வையாளர் அந்தச் சைக்கிள்களுக்கு நடுவில் நின்றுகொண்டே, சைக்கிள்கள் காணவில்லை என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். அக்கா ஒரு சைக்கிளின் சீட்டைத் தட்டிக் காட்டினார்.

"தொட்டுப் பாருங்க சார். இங்கதான நிக்கிது? உங்க போனு கண்ணுக்குத் தெரியலன்னா அது திருட்டா?"

"சிஸ்டத்துல வரலைம்மா. நான் இன்னா பண்றது?"

புதுக் கட்டம் ஒட்டிக் கொண்டுவருகிறோம் என்று சொல்லி நிறுவனத்து ஆட்களே ஒரு வேனில் ஏற்றிப்போனார்கள். அவை திரும்பவே இல்லை. வந்தது புகார்தான். கருணாபுரத்து ஆட்களை விட்டு சைக்கிள்களைக் கடத்தியதாக அக்கா மேல் புகார். வேலை போயிற்று. கூப்பிட்ட விசாரணைக்கெல்லாம் நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். வேலையை விட்டு நிறுத்திய அன்று குடையை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். "உனக்குத்தான் மதிய வெயிலு" என்றார்.

அடக்கத்துக்கு நிறுவனத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. மறுநாள் நானே மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, அந்தப் புகாரை இப்போதாவது திரும்பப் பெறுவீர்களா என்று கேட்டேன். அவர் எனக்கு ஆறுதல் சொல்வது போலச் சொன்னார்: "அந்தம்மாதான் இறந்துட்டாங்களே, இனிமே கேஸு தானா முடிஞ்சிடும்மா."

முடிந்துவிடுமாம். அக்கா திருடி என்று எழுதி, கேட்க ஆளில்லை என்று முடித்துவிடுவார்கள். வருகிற திங்கட்கிழமை அறிக்கை கொடுத்து, பொதுமக்கள் ஒத்துழைக்கவில்லை என்ற காரணத்தோடு நிலையத்தையும் மூடப்போகிறார்கள். அக்காவின் மகள் பவானி பள்ளிக்கூடம் போகிறாள். 'சைக்கிள் திருடி பொண்ணு' என்று யாரோ சொன்னதாக நேற்று என்னிடம் கேட்டாள், அம்மாவை அவர்கள் எப்படி அப்படிச் சொல்லலாம் என்று.

சைக்கிள்கள் திரும்பி வந்ததைப் பார்த்தேன் என்று நான் சொல்லிவிட்டேன். நான் அக்காவின் கூட்டாளி, பிரசவத்துக்காக வேலையையும் விட்டவள், என் பேச்சு செல்லாது என்கிறார்கள். என் கணவர், "பச்சக் கொழந்தய வெச்சிக்கினு உனக்கு இன்னாத்துக்கு இந்த வம்பு?" என்கிறார். பயம் இல்லாமல் இல்லை. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டாலே குழந்தையைத் தூக்கிக்கொள்கிறேன். ஆனாலும் அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டுதான். கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கும் இந்தக் குடை ஒன்று. "பொதுன்னா நாங்களுந்தான?" என்ற கேள்வி இன்னொன்று. குடையை மட்டும் வைத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட என்னால் முடியவில்லை.

குங்குமம் வைத்த சைக்கிள்களோடு அன்று காலையில் நிறைய பேர் படம் எடுத்தீர்கள். வேனில் ஏற்றியதையும் யாரோ வீடியோ எடுத்தீர்கள், பார்த்தேன். அவை உங்கள் போனில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். இல்லாவிட்டால், பார்த்தேன் என்று உங்கள் பெயரோடு இரண்டு வரி எழுதுங்கள். முன்பின் தெரியாத பெண்களுக்காக அக்கா கேட்டபோது போனை நீட்டினீர்கள். இப்போது அக்காவுக்காக நான் கேட்கிறேன். திங்கட்கிழமைக்குள் வேண்டும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.