கெசையா திருப்பி அனுப்பிய பால்

கெசையாவின் வாய்த்துடுக்கு மாசசூசெட்ஸில் எங்கள் பெர்க்ஷயர் மலைப்பக்கம் பிரசித்தம். வாய்த்துடுக்கை வைத்து ஊரைச் சிரிக்க வைக்கலாம், உறவைக் காப்பாற்ற முடியாது. அது அவளுக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. புரிந்தபோது தங்கை ரோடா ஊரிலேயே இல்லை.

இருவரும் பாப்டிஸ்ட் என்ற தனிச் சபையைச் சேர்ந்த வீட்டுப் பெண்கள். அவர்கள் பிறந்த ஊரில், யார் எங்கே ஜெபித்தாலும், ஊர்ச்சபைப் போதகருக்கு வரி கட்டியாக வேண்டும். அப்பா மறுத்துவிட்டார். "நான் கேக்காத பிரசங்கத்துக்கு நான் எதுக்குய்யா கூலி குடுக்கணும்?" என்றார். கான்ஸ்டபிள் வந்து கறவைப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போனான். பிள்ளைகள் இருவரும் அழுதுகொண்டே பின்னால் ஓடினார்கள். சேற்றில் செருப்பைத் தொலைத்த ரோடாவைக் கெசையாதான் முதுகில் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினாள். அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் பால் கிடையாது.

அதனால்தான் வர்ஜீனியாக்காரர் ஜெபர்சன் அவளுக்குத் தெய்வத்துக்கு அடுத்தபடி ஆனார். மனசாட்சிக்கும் கடவுளுக்கும் நடுவில் சர்க்கார் மூக்கை நுழைக்கக்கூடாது என்று தன் மாநிலத்தில் சட்டமே எழுதி வைத்தவர் அல்லவா? அவர் ஜனாதிபதியான 1801 மார்ச் மாதம், அவருடைய முதல் பேச்சைப் பத்திரிகையில் பார்த்துக் கணவன் ஈனோஸ் அடுப்பங்கரையில் உரக்கப் படித்தான். கருத்து வேறுபட்டால் ஒருவன் பகையாளி ஆகிவிட மாட்டான், இரண்டு கட்சியாரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான் என்று பேச்சின் சாரம். கெசையா மாவு அப்பிய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுதது நிஜம். காதில் ஏறியது எவ்வளவு என்பதுதான் சந்தேகம்.

ஏனென்றால் ஜூலையில் வந்தது பாலாடைக்கட்டி விவகாரம். ஜெபர்சனுக்குக் காணிக்கையாக உலகம் காணாத பெரிய பாலாடைக்கட்டி ஒன்று செய்வது என்று ஊர் முடிவு செய்தது. ஒரே நாளில் எல்லா வீட்டுப் பாலும் வந்து சேர வேண்டும்; அதைத் திரிய வைத்து, வடித்து, ஆப்பிள் சாறு பிழியும் பெரிய செக்கில் அழுத்துவார்கள். அடிமை ஒருவரின் கைகூடப் படாத கட்டி என்று ஒரு பெருமை. ஃபெடரலிஸ்ட் வீட்டு மாட்டுப் பால் ஒரு சொட்டும் சேரக்கூடாது என்று ஒரு கட்டளை. ஃபெடரலிஸ்டுகள் என்றால் தோற்றுப்போன எதிர்க்கட்சிக்காரர்கள். பால் பதம் பார்ப்பதில் கெசையாவை மிஞ்ச ஆளில்லை என்பதால், வருகிற வாளிகளைச் சோதித்து வாங்கும் பொறுப்பை அவளிடம் விட்டார்கள். கேட்க வேண்டுமா? கால் தரையில் பாவவில்லை.

ரோடா வாழ்க்கைப்பட்டது சைலஸுக்கு. சைலஸ் அசல் ஃபெடரலிஸ்ட், ஊர்ச்சபைக்காரன். அவளும் அன்று ஒரு வாளியோடு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அக்காவின் காதோடு சொன்னாள்.

"அக்கா, அவருக்குத் தெரியாமக் கொண்டாந்தேன். சீக்கிரம் உள்ள ஊத்திரு."

"உன் வீட்டுக்காரர் மாடுதானே?"

"மாடு யாரோடதா இருந்தா என்ன? அப்பா பசுவைக் கான்ஸ்டபிள் ஓட்டிட்டுப் போனப்ப நானுந்தானே பின்னாடி ஓடினேன்? என் பங்குக்கு ஒரு வாளி இருக்கட்டும்க்கா."

வாங்கி ஊற்றியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் பின்னால் பெண்கள் வரிசை கட்டி நின்றார்கள், நாக்கு நமைச்சல் எடுத்துவிட்டது.

"ஐயையோ, வேண்டாம்டி!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள் கெசையா. "உங்க மாடு பழைய ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட்ட மாடு. இதுல ஊத்தினா உள்ளயே சண்டை மூண்டு கட்டி வெடிச்சிரும்! கொண்டுபோய் உங்க போதகருக்குக் குடு, வரியோட சேத்துக் குடிக்கட்டும்!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஆண்கள் தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். ரோடா வாளியை எடுத்துக்கொண்டு போனாள். வழியில் பன்றிப் பட்டியில் அதைக் கவிழ்த்துவிட்டுப் போனதாகப் பிறகு சொன்னார்கள்.

அந்தக் கேலி ஊர் ஊராகப் பரவியது. சந்தையில் முன்பின் தெரியாதவன்கூட, "ஓட்டுப் போட்ட மாடுன்னு சொன்னது நீங்கதானேம்மா?" என்று கேட்டுச் சிரித்தான். முதலில் இனித்தது. பிறகு, ஒவ்வொரு முறையும் ரோடாவின் முகம்தான் முன்னால் வந்தது. ஊர் மெச்சிய பேச்சை எந்த வாயால் தப்பு என்று சொல்வது?

பனிக்காலத்தில் கட்டி சறுக்குவண்டியிலும் கப்பலிலுமாகத் தலைநகரம் போய்ச் சேர்ந்தது. ஜெபர்சன் மகிழ்ந்தாராம். அன்று ஈனோஸ் மெதுவாகச் சொன்னான்: "அந்த மனுஷன் எல்லாரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னார். நீ ஒரே வயித்துல பொறந்தவளையே வெளிய தள்ளிட்ட."

"அவர் மட்டும் என்னவாம்? எல்லாரும் சமம்னு எழுதிட்டு அடிமைங்களை வச்சிருக்கார். அவராலயே முடியல, நான் எம்மாத்திரம்?"

"அவர் கணக்கை அவர் பாத்துக்குவார். நீ போய் ரோடாவைப் பாரு."

"நான் மூத்தவ. அவ வரட்டும்."

மூத்தவளாம்! தங்கையை முதுகில் சுமந்த நாளில் இருந்த மூப்பு எங்கே, இந்த மூப்பு எங்கே! எனக்கு அவள்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அவள் வரட்டும், அவள் வரட்டும் என்றே இரண்டு பனிக்காலம் ஓடிற்று. சைலஸ் நிலத்தை விற்றுவிட்டு மேற்கே வெகுதொலைவில் உள்ள ஒஹாயோவுக்குக் கிளம்பினான். அந்தக் காலத்தில் ஒஹாயோ போனவர்கள் திரும்புவதில்லை. மாட்டுவண்டி போக வேண்டியது கெசையாவின் வீட்டு வாசல் வழியாகத்தான். அவள் காலையிலேயே துவைத்த உடை போட்டுக்கொண்டு, வாசலுக்குப் போகாமல், பால் அறையில் கதவுக்குப் பின்னால் நின்றாள். வண்டிச் சத்தம் நெருங்கியது. வாசலுக்கு நேராக நின்றது. கெசையாவின் கை தாழ்ப்பாளில் இருந்தது. 'அக்கா' என்று ஒரு குரல் வரட்டும், ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் என்று காத்தாள். குரல் வரவில்லை. கொஞ்சம் பொறுத்து வண்டி நகர்ந்தது.

"நின்னாங்க போலிருக்கே?" என்றான் ஈனோஸ்.

"ஏத்தம்ல. மாடு மூச்சு வாங்கியிருக்கும்" என்றாள்.

அடுத்த வருஷமே ஒஹாயோவில் ரோடா பிரசவத்தில் போய்விட்டாள் என்று அந்தப் பக்கமிருந்து வந்த ஒருவன் சொன்னான்.

கெசையா நெடுநாள் வாழ்ந்தாள். ஈனோஸையும் புதைத்தாள். ரோடா போய் ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்து, மாசசூசெட்ஸில் சபை வரியையே ஒழித்துவிட்டார்கள். ஊரில் மணி அடித்தார்கள். பக்கத்து வீட்டுத் தாமர், இவளைப் போலவே பல் போன கிழவி, கேக்கோடு வந்து உட்கார்ந்தாள்.

"உங்கப்பாவுக்கு இன்னிக்குத்தான் நியாயம் கெடைச்சிருக்கு. ரோடா இருந்திருந்தா குதிச்சிருப்பா" என்றாள் தாமர். "பாவம், அவங்க ஒஹாயோ கிளம்பின அன்னிக்கு நான் பாலம் வரைக்கும் வண்டி கூடவே நடந்தேன்ல? உன் வாசல் வந்ததும், 'கொஞ்சம் நிறுத்துங்க, அக்கா உள்ளதான் இருக்கும், கூப்பிட்டா எறங்குறேன்'னா. சைலஸும் மறுபேச்சுப் பேசாம நிறுத்தினான். வயித்துப் பிள்ளைக்காரியாச்சேன்னு எறக்கிவிடக் கையைக்கூட நீட்டிக்கிட்டு நின்னான்."

கெசையா அவளையே பார்த்தாள். "இதை ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீ உள்ள நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்னு நெனச்சேன். கூப்பிட இஷ்டமில்ல போலன்னு விட்டுட்டேன்."

வெளியே மணி விடாமல் அடித்தது. கேக் தட்டு கெசையாவின் மடியிலேயே இருந்தது.

"சட்டத்தை மாத்த இத்தனை பேர் இத்தனை வருஷம் கத்தினாங்க, தாமர்" என்றாள் கடைசியில். "நான் கதவத் தெறந்து 'ரோடா'ன்னு ஒரே ஒரு வார்த்தை கத்தியிருந்தாப் போதுமே."