மிளகாய் அறைக்குச் சூடேற்றினோம்

எங்கள் சிக்கல் ஊர்ப் பக்கத்தில் ஓர் அறைக்குச் சூடேற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்டத்தான் கூட்டிப்போவார்கள். ஆண்டு முழுக்க விசிறியும் கையுமாக இருக்கிற ஊர். வேர்வை துடைக்க முந்தானை போதாமல் தோளில் துண்டும் போட்டுக்கொள்கிறவள் நான். ஆனாலும் போன கார்த்திகையில் எங்கள் வீட்டில் ஓர் அறைக்குச் சூடேற்றினோம். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இது அவள் பெற்ற பிள்ளையின் கதைதான், அதனால் கை வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு வழியில்லை.

பேத்திக்குத் தலைப்பிரசவம். ராமநாதபுரத்தில் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு, மற்றபடி குரலுக்குக் குறைவில்லை. குளிர் மட்டும் தட்டக் கூடாது என்றார் டாக்டரம்மா. அந்த நேரம் பார்த்து அடைமழை, கூடவே வாடைக்காற்று.

பேத்தியின் மாமியார் கடலாடிக்காரி. நல்ல மனுஷி, மனதில் இருப்பது உடனே வாயில் வந்துவிடும். பிள்ளையைத் தன் வீட்டுக்கே கொண்டுபோகிறேன் என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆரம்பித்துவிட்டாள். அவளுடையது சிமெண்டு பூசிய காரை வீடு. மூத்த மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஹீட்டர் வேறு இருக்கிறதாம். துபாயில் எதற்கு ஹீட்டர் விற்கிறார்கள் என்று கேட்டேன். அவள் பேச்சை எங்கள் வீட்டு அறைக்குத் திருப்பினாள்.

"அத்தை, அந்த மிளகாய் ரூமுல பச்சப்புள்ளைய எப்புடிப் போடுவீக? நாளைக்கு நானே வந்து பாப்பேன். செவுத்துல ஓதம் இருந்துச்சுன்னா, பிள்ளை நேரா கடலாடிதான்" என்றாள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டில் வைத்துப் பார்க்கவில்லை என்றால் ஊர் பேசும் என்று என் மருமகளுக்குக் கவலை. எனக்கு ஊர் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் கடலாடிக்காரி சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீட்டில் கதவு உள்ள அறை அது ஒன்றுதான். பங்குனியில் முண்டு மிளகாய் வந்தால் மூட்டை அடுக்குவோம். விற்றதும் பூட்டிவிடுவோம். மண்சுவர், ஓட்டுக் கூரை. சுவரில் கை வைத்தால் தவளையைத் தொட்ட மாதிரி இருந்தது.

மகன், ஹீட்டர் வாங்குவோம் என்றான். எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடினாலே லைட்டு அழுது வடியும். எந்நேரமும் பூட்டிக் கிடக்கிற அறைக்கு ஒரு மிஷின் வாங்கி, அப்புறம் அதையும் உள்ளே வைத்துப் பூட்டவா? வேண்டாம் என்றேன்.

மறுநாள் காலையில் கதவையும் சன்னலையும் திறந்து வைத்து, இரும்புச் சட்டியில் கருவேலங்கரியைப் போட்டுக் கங்கு மூட்டி நடுவில் வைத்தேன். ஈரம் காயட்டும் என்று. காய்ந்திருக்கும். நான் சும்மா இருக்கவில்லை. மூலையைக் கூட்டியதும் ஒரு கை நிறைய மிளகாய் வற்றலும் விதையும் வந்தது. வீட்டுக்கு வரப்போகிற பிள்ளைக்கு முன்கூட்டியே கண்ணேறு கழிப்போமே என்று மூன்று சுற்றுச் சுற்றிக் கங்கில் போட்டேன். கூட்டிய தூசி முழுவதும் மிளகாய்ப் பொடி என்று அப்போது தோன்றவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கடலாடிச் சம்பந்தகாரி வாசலில் வந்து இறங்கினாள். அவள் ஒருபுறம் இருமுகிறாள், மருமகள் ஒருபுறம் தும்முகிறாள், பக்கத்து வீட்டு ஆடுகூடச் செருமுகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே நான் சொன்னேன்:

"எம்புட்டு நெடி பாத்தியா தாயி. பிள்ளைக்குத் துளி திருஷ்டி கிடையாது."

கண்ணேறு இருந்தால் மிளகாய் நெடி ஏறாது என்பது அவளுக்கும் தெரியும். அதனால் மறுத்துப் பேசவும் முடியவில்லை, இருமலை நிறுத்தவும் முடியவில்லை. கடலாடிக்குப் போகக் கார் ஏற்பாடு பண்ணச் சொல்லித் தன் மகனுக்குப் போன் போட்டாள். இரண்டு நாளில் பிள்ளை டிஸ்சார்ஜ் ஆனதும் அங்கே போகிறதாம்.

நெடி பிடித்து எங்கள் ஊர் நர்ஸம்மாவும் வந்துவிட்டார். மூடின அறையில் கரி மூட்டினால் பிள்ளைக்கு மூச்சே நின்றுபோகும், புகையே ஆகாது என்று என்னைப் பிடித்துத் திட்டினார். பெற்றவளின் நெஞ்சோடு பிள்ளையை ஒட்டிப் போட்டு, தலைக்குத் தொப்பி மாட்டி, காற்று புகும் சந்துபொந்தை அடைத்தாலே பாதி வேலை முடிந்தது என்றார். திட்டினாலும் உபயோகமாகத் திட்டினார்.

அறையைக் கழுவி விட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். மகனின் பழைய வேட்டிகளை ஒட்டுப் போட்டு ஓட்டுக்குக் கீழே மேற்கட்டி கட்டினோம். கதவடியில் சாக்கைச் சுருட்டி வைத்தோம். காற்று நின்றது, சுவர் மட்டும் சில்லென்றே இருந்தது.

அப்போதுதான் வெந்நீர் அடுப்பு நினைவுக்கு வந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் நாள் முழுக்க வெந்நீர் கொதிக்க வேண்டும். கொல்லையில் எங்கோ எரிகிற அடுப்பைப் பெயர்த்து, அந்த அறைச் சுவரை ஒட்டி வெளிப்புறத்தில் போட்டோம். மழைக்கு மேலே தகரம். சன்னல் எதிர்ப்பக்கம் இருப்பதால் புகை உள்ளே வராது. வேலிக் கருவேல விறகுக்குக் காசா பணமா. அன்று பகலும் மறுநாளும் விடாமல் எரித்தோம். பெரிய மண்சுவர் சூட்டை மெல்ல மெல்லக் குடித்தது. பிறகு விடவே இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று சம்பந்தகாரி தாயையும் பிள்ளையையும் காரில் ஏற்றிக்கொண்டு வந்தாள். போகிற வழியில் துணிமணி எடுக்கத்தான் எங்கள் வீட்டில் நிறுத்தினார்கள். பிள்ளையை வாங்கிக்கொண்டு நான் நேராக அறைக்குள் போய்விட்டேன். பின்னாலேயே வந்தவள் சுவரில் கை வைத்தாள். மறுகையையும் வைத்தாள். அப்புறம் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தாள். அவளுக்கு இடுப்பு வலி பல வருஷமாக உண்டு. காரின் ஹாரன் இரண்டு தடவை கேட்டது. அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"பிள்ளை இங்கனயே இருக்கட்டும் அத்தை" என்றாள். "நானும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்."

பிள்ளைக்குப் பெயர் வைக்கிறவரை அவள் போகவில்லை. அந்தச் சுவரில் சாய்கிற இடத்துக்குத் தினமும் எனக்கும் அவளுக்கும் சண்டை. பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவருக்குத்தான் இடம் என்று பேத்தி தீர்ப்பு சொன்னாள். அதன்பிறகு சண்டை பிள்ளைக்கு.