ஆறு விரல் கையுறை

ஒனோரா ஷீஹன் தைத்த கையுறை ஜோடி ஒன்றை மடித்தால் ஒரு அக்ரூட் ஓட்டுக்குள் அடங்கிவிடும். அயர்லாந்தின் லிமரிக் நகரத்துச் சீமாட்டிகள் அவளிடம் தைத்துக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அப்பேர்ப்பட்ட கைக்காரி, நாற்பது வருடமாக மாதா கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். நற்கருணை அப்பம் வாங்க ஒருநாளும் முன்னே போனதில்லை. ஏன் என்று யாராவது கேட்டால் காது வரை சிவந்துபோவாள்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது ஒருவன் கடைக்கு வந்து மேசைமேல் இடது கையை விரித்து வைத்தான். ஆறு விரல். ஊருக்கு வெளியே புல்மேட்டுக்கு அடியில் வாழ்கிறவன் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. மனுசரில் சேராத அந்த மாயக் குலத்தை நாங்கள் நல்லவர்கள் என்போம். வேறு பேர் சொல்லிக் கூப்பிட்டு வம்பை விலைக்கு வாங்க மாட்டோம்.

"சிரிப்பு வரலையா உனக்கு?" என்றான்.

"இன்னொரு விரலுக்கு வேண்டிய தோலுக்கு எங்க போறதுன்னு யோசிச்சிட்டிருக்கேன். கையை ஆட்டாதீங்க."

அவன் சிரித்தான். அன்று ஆரம்பித்ததுதான். ஒரு ஜோடிக்கு எட்டு தரம் அளவு பார்க்க வந்தவனை வேறெங்கும் கண்டதில்லை என்று பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும் சிஸ்ஸி கேலி செய்வாள். சிஸ்ஸியிடம் ஒனோரா எல்லாவற்றையும் சொல்வாள், அவன் பெயரைத் தவிர. அந்த ஒன்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

மே மாதத்து முதல் நாள் அவன் அவளை மேட்டுக்குள் அழைத்துப் போனான். அங்கே அரசி உண்டு, அவை உண்டு, நம் பிரபுக்களை விட மோசமான ஜம்பமும் உண்டு. முறைப்படி அறிமுகம் செய்யப்படாத யாரையும் அங்கே ஆளாகவே மதிப்பதில்லை. இவளுடைய காலுறையில் குதிகால் கிழிந்திருந்தது. பாவாடையெல்லாம் நூல். அவைப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் அவள் கையைப் பிடித்து அரசிக்கு நேரே நிறுத்தினான்.

"இவ ஒனோரா ஷீஹன். கையுறை தைக்கிறவ. எனக்கு உசிரு."

சிரிப்பு நின்றுவிட்டது.

திரும்பி வரும்போது சொன்னான்: "உங்க ஊர்லயும் நாலு பெரிய மனுசங்க முன்னால நீ என்னை இப்படிச் சொல்லணும். சொல்லிட்டா நான் உங்க ஆளு. மேட்டுக்குள்ள திரும்பிப் போக வேண்டாம், உன்கூடவே இருந்துக்கலாம்."

"இவ்வளவுதானா? சொல்லிட்டாப் போச்சு."

"பார்த்துப் பேசு. எங்காளு ஒருத்தர் நிக்கிற இடத்துல எதைச் சொன்னாலும் அது அப்படியே பலிச்சிரும்."

ஜூன் மாதம் லேடி ஆர்டகனின் தோட்டத்தில் பகல் விருந்தும் நடனமும் நடந்தன. கிழிந்த கையுறைகளை அங்கேயே தைத்துக் கொடுக்க ஒனோராவைக் கூப்பிட்டிருந்தார்கள். கந்தலோடு நின்றால் வீட்டுக்குக் கௌரவக்குறைவு என்று லேடி தன் மருமகளின் பச்சைப் பட்டு கவுன் ஒன்றைக் கொடுத்திருந்தாள். அதைப் பார்த்து ஒரு கேப்டன் அவளை லேடியின் கார்க் ஊர்ச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நடனம் ஆடினான். அவள் திருத்தவில்லை. உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது.

அப்போது தோட்டத்து வளைவில் அவன் வந்து நின்றான். மேட்டுக்குள் இருக்கும் ஆகச் சிறந்த உடுப்பைப் போட்டிருந்தான், நூறு வருடத்துக்கு முந்தைய பூவேலைக் கோட்டு. தோளில் பாசி ஒட்டியிருந்தது. அறிமுகம் இல்லாமல் உள்ளே கால் வைக்க அவனால் முடியாது. அவளையே பார்த்துக்கொண்டு காத்திருந்தான்.

விசிறிகளுக்குப் பின்னால் சிரிப்பு கிளம்பியது. "ஐயோ, கையைப் பாருங்க. ஆறு விரலு," என்றாள் லேடி.

"யாருங்க அந்தக் கோமாளி? உங்களைத்தான் பார்க்கிறான். தெரிஞ்சவனா?" என்றான் கேப்டன்.

அவன் போட்டிருந்த கையுறைகளில் அவ்வளவு தூரத்திலிருந்தும் தன் தையல் அவளுக்குத் தெரிந்தது. எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள்.

"இல்லீங்க. இவரை எனக்குத் தெரியாது."

சொன்னது பலித்தது. வளைவில் யாரோ ஒருவர் கையுறைகளைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, அவளுக்கு வணக்கம் செய்துவிட்டுப் போவதைப் பார்த்தாள். எதற்காகத் தனக்கு முகம் தீயாய் எரிகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

மறுநாள் அந்தக் கையுறைகளைச் சிஸ்ஸியிடம் காட்டினாள். "யாரோ பாவம், ஆறு விரல்காரர் விட்டுட்டுப் போனாருடி. தையல் என்னோடது மாதிரியே இருக்கு பாரேன்."

சிஸ்ஸி ஊசியைக் கீழே வைத்தாள். "அடிப்பாவி. என்னடி சொன்ன அவர்கிட்ட?"

நடந்ததெல்லாம் சிஸ்ஸி சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். பெயர் சிஸ்ஸிக்கே தெரியாது. ஒனோரா மேட்டைச் சுற்றி எத்தனையோ நாள் நடந்தாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? மறு வாரம் அந்தக் கேப்டன் கடைக்கு வந்து அவளிடமே கையுறைக்கு அளவு கொடுத்தான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

போன குளிர்காலம் அவள் படுக்கையில் விழுந்தாள். பாதிரியார் வந்து தலைமாட்டில் உட்கார்ந்தார்.

"இத்தனை வருசமா எதையோ மனசுல போட்டுப் புழுங்குற. சொல்லிடு ஒனோரா. மன்னிப்பு குடுத்துர்றேன், அந்த வெட்கம் உன்னை விட்டுப் போயிரும்."

ஒனோரா போர்வைக்கு அடியில் எதையோ இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். விளிம்பில் ஒரு தோல் விரல் நீட்டிக்கொண்டிருந்தது.

"வேணாம் சாமி. அவர் முகம் போச்சு, குரல் போச்சு, பேரும் போச்சு. இந்த வெட்கம் ஒண்ணுதான் அவருன்னு எங்கிட்ட மிச்சம். அதையும் எடுத்துட்டுப் போயிராதீங்க."