படிக்கட்டில் தந்த சம்மதம்

எங்கள் கட்டடத்தில் படிக்கட்டைத் துடைப்பது முறைவைத்துச் செய்யும் வேலை. ஸ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் இதற்குக் கேர்வோஹ என்று பெயர். யாருடைய வாரமோ அவர்களின் கதவுப்பிடியில் ஒரு சிறிய மரப்பலகை தொங்கும். வாரம் முடியும்போது படியைத் துடைத்துவிட்டுப் பலகையை அடுத்த வீட்டுக் கதவில் கொழுவ வேண்டும். இரண்டாம் மாடியில் நான் இருந்தேன், முதலாம் மாடியில் என் அயலவர். எனக்குப் பலகையைத் தருபவர் எப்போதும் அவர்தான்.

தொழிற்பள்ளியில் கடைசல் வேலை படிப்பித்து ஓய்வு பெற்றவர். நான் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் அளவு பரிசோதகன். மூலைகளை விட்டுவிட்டு நடுவை மட்டும் துடைக்கிறவர்களை இருவருக்கும் பிடிக்காது. எங்கள் பழக்கம் அதில்தான் தொடங்கியது. அவர் பேசியதெல்லாம் ஜேர்மன் மொழியில். என் நினைவில் அது யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவர் ஒரு குவேக்கர், கிறிஸ்தவத்தில் ஒரு சிறு பிரிவைச் சேர்ந்தவர். நான் பிறந்தது சைவக் குடும்பத்தில். மதம் மாறும் எண்ணம் எனக்கு என்றும் இருந்ததில்லை. ஆனால் வாரம் முழுவதும் இயந்திர இரைச்சலில் நிற்கிறவனுக்கு, ஒரு மணி நேரம் பேசாமல் இருப்பதற்கென்றே கூடும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பது பெரிய செய்தி. ஒரு ஞாயிறு அவரோடு போனேன். பிறகு தொடர்ந்து போனேன். நகரத்தின் ஓரத்தில் தோட்டத்தோடு ஒரு பழைய வீடு. கீழே கூடம், மேலே கட்டிலும் கைகழுவும் தொட்டியும் உள்ள ஓர் அறை. பாதிரியார் இல்லை, பாட்டு இல்லை, சிலுவைகூட இல்லை. கதிரைகளை வட்டமாகப் போட்டு இருப்பார்கள். சொல்லாமல் இருக்க முடியாது என்று ஒருவருக்கு உள்ளே ஏதாவது எழும்பினால், அவர் மட்டும் எழுந்து சில வசனங்கள் சொல்லிவிட்டு இருப்பார். பெரும்பாலும் யாரும் எழும்புவதில்லை.

அவர்களுடைய வரலாற்றை நான் ஒழுங்காகப் படித்தேன். பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், உள்நாட்டுப் போர் நாட்டைக் கலக்கிய காலத்தில் தொடங்கிய கூட்டம். நீதிபதிக்கு முன்னால் தொப்பியைக் கழற்ற மறுத்துச் சிறைக்குப் போனார்கள். சத்தியம் செய்ய மறுத்தும் போனார்கள். சத்தியம் செய்தால்தான் உண்மை என்றால், மற்ற நேரத்தில் சொல்வது என்ன என்பது அவர்களுடைய கேள்வி. பேரம் பேசும் சந்தையில், பொருளுக்கு ஒரே விலை வைத்து விற்றார்கள். அடிமை வியாபாரத்தை முதலில் எதிர்த்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். ஆயுதம் எடுக்க மாட்டோம் என்றார்கள். தேவாலயத்தைத் தேவாலயம் என்று சொல்லாமல் கோபுர வீடு என்றுதான் சொன்னார்கள். கடவுள் ஒரு கட்டடத்தில் மட்டும் குடியிருப்பதில்லை என்பது அதற்குக் காரணம்.

ஜேர்மனியில் வயதானவர்களுக்குக் குவேக்கர் என்றால் முதலில் ஞாபகம் வருவது சாப்பாடு. முதலாம் உலகப் போருக்குப் பிறகு, நேற்றுவரை எதிரியாக இருந்த நாடுகளிலிருந்து அவர்கள் வந்து, பட்டினி கிடந்த பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். என் அயலவரின் தாய் அப்படிக் கொக்கோ குடித்து வளர்ந்தவர். தாய் குடித்த தகரக் குவளை இவருடைய கண்ணாடி அலுமாரியில் இருந்தது. முப்பதுகளில் யூதர்கள் நாட்டை விட்டுத் தப்பவும் குவேக்கர்கள் உதவினார்கள். எங்கள் சிறிய கூட்டத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மேல்மாடி அறையில் ஒரு யூத ஆசிரியையைச் சில வாரங்கள் மறைத்து வைத்திருந்தார்களாம். புதிதாக வருகிற எவரையும் படியேற்றி அந்த அறையைக் காட்டுவார்கள். எனக்குக் காட்டியவர் என் அயலவர். காட்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

இனி அக்காவைப் பற்றி. அவர் எனக்கு உறவு இல்லை. தமிழ்ப் பள்ளி விழாக்களுக்குச் சமைக்கிறவர், அறுபதை நெருங்கிய விதவை. வலிகாமத்தில் அவருடைய வீடு இராணுவத்தின் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. ஊரில் சமாதான உடன்படிக்கை வந்ததும் இங்கே அதிகாரிகள் ஒரே பதில் சொல்லத் தொடங்கினார்கள். இப்போது அங்கே போர் இல்லை, திரும்பிப் போகலாம். அக்காவின் புகலிட விண்ணப்பம் தள்ளுபடியானது. நாடு கடத்தலைத் தள்ளிவைத்துக் கொடுத்த தற்காலிகப் பத்திரமும் முடிய இருந்தது. வழக்கறிஞர் ஒரு வழி சொன்னார். மறு விண்ணப்பம் போடலாம், ஆனால் முடிவு வர மாதங்கள் ஆகும். அதுவரை ஏதாவது தேவாலயம் அவரைத் தங்கவைத்தால் பொலிஸ் வழக்கமாக உள்ளே போவதில்லை.

எழுதிக் கேட்ட இடங்களில் ஹனோவரில் ஒரு பாதிரியார் மட்டும் இடம் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு அறைதான், இன்னும் இருவர் காத்திருக்கிறார்கள், விரைவாகப் பதில் வேண்டும் என்றார். அக்காவுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது. எனக்கு எங்கள் மேல்மாடி அறை ஞாபகம் வந்தது.

அந்த வாரம் பலகை என் கதவில். நான் மேலிருந்து துடைத்துக்கொண்டு வந்தபோது அவர் தன் வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அந்த அறை சும்மா தானே கிடக்குது" என்றார். "நான் கூட்டத்திலை உங்களோடை நிப்பன்."

"நிச்சயமாவோ? ஹனோவர் பாதிரியாருக்கு நாளைக்குப் பதில் சொல்லவேணும்."

"வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. காத்திருக்கிற மற்ற ஆக்களிலை ஒருத்தருக்கு அது உதவும்."

"நீங்கள் ஓம் எண்டு சொல்லுறியளோ?"

"யா" என்றார், அவருடைய மொழியின் ஓம். ஈரப் படியில் காலுறையோடு நின்று சொன்னார்.

அன்று மாலை அக்காவிடம் போனேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஆர் தம்பி உவை? குவேக்கர் எண்டால், ஓட்ஸ் பேணியிலை தொப்பி போட்டுக்கொண்டு சிரிக்கிற கிழவற்ரை ஆக்களோ?"

"அந்தக் கொம்பனிக்கும் இவைக்கும் சம்பந்தம் இல்லை அக்கா. இவை கோர்ட்டிலை கூடச் சத்தியம் பண்ணமாட்டினம்."

"ஏன், பொய் சொல்ல வசதியாவோ?"

"இல்லை, சொன்னால் சொன்னதுதான் எண்டபடியாலை. ஓம் எண்டால் ஓம்."

"பூசை இல்லை, பாட்டு இல்லை, சத்தியமும் இல்லை. பேந்து என்னதான் செய்யினம்?"

"பேசாமல் இருப்பினம்."

"ஐயோ கடவுளே, ஒரு மணித்தியாலமோ? என்னை மேலையே வைச்சுப் பூட்டிவிடுங்கோ, கீழை கூப்பிடாதேங்கோ."

கத்தியை வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உண்மையா ஓம் எண்டவரோ, தம்பி?" என்று கேட்டார். ஓம் என்றேன். மறுநாள் ஹனோவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதே வாரம் அங்கே வேறொருவர் குடிபோனார்.

குவேக்கர்கள் முடிவெடுக்கும் விதத்தை இங்கே சொல்ல வேண்டும். அவர்கள் வாக்கெடுப்பதில்லை. விஷயத்தைக் கூட்டத்தில் வைத்து, மௌனத்துக்கு நடுவே ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ஒருவர் பேசினால் அடுத்தவர் உடனே மறுமொழி சொல்லக்கூடாது. ஒரே விஷயத்தில் இரண்டாம் முறை எழும்புவதும் வழக்கமில்லை. எல்லாருடைய மனமும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டது என்று தோன்றினால், கூட்டத்தை நடத்தும் எழுத்தர் அங்கேயே முடிவை எழுதி வாசிப்பார். ஒருவருக்குச் சம்மதம் இல்லாவிட்டால் அவர், "எனக்கு மனமில்லை, ஆனால் வழியை மறிக்கவில்லை" என்று விலகி நிற்கலாம். விலகாமல் மறுத்தால் எல்லாம் நின்றுவிடும். ஒரே ஒருவர் போதும்.

நான் உறுப்பினன் அல்ல, வருகிறவன் மட்டும். எழுத்தர் அனுமதி தந்து என்னை முதலில் பேசச் சொன்னார். வயதான பெண்மணி, காது கொஞ்சம் மந்தம், ஆனால் ஒரு சொல்லும் தவறாது. நான் தயார்செய்து வந்ததைச் சொன்னேன். அக்காவின் நிலை, வழக்கறிஞர் சொன்னது, மேலே இருக்கும் அறை. பேசி முடித்துக் கதிரையில் இருந்தேன். நீண்ட அமைதி. ஒருவர் எழுந்து, சமையலறையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றார். இன்னொருவர் பொலிஸ் வந்தால் யார் கதவைத் திறப்பது என்று கேட்டு, தானே திறப்பதாகச் சொன்னார்.  எழுத்தர் பேனாவைக் கையில் எடுத்தார்.

அப்போது என் அயலவர் எழுந்தார்.

"முந்நூறு வருஷத்துக்கு மேலாய் நாங்கள் ஒண்டு சொல்லிக்கொண்டு வாறம்" என்றார். "ஒரு வீடும் மற்ற வீட்டைவிடப் புனிதம் இல்லை எண்டு. பொலிஸ் வாசலிலை நிக்கிறது, உள்ளை இருக்கிறது கோயில் எண்டு அவையள் நினைக்கிறதாலை. எங்கடை வீடு கோயில் இல்லை. அந்த நினைப்புக்குப் பின்னாலை நாங்கள் ஒளிச்சால் அது பொய். இப்ப இஞ்சை பேசாமல் இருந்தபோதுதான் எனக்கு இது தெளிவாச்சுது. என்னாலை ஏலாது."

எழுத்தர் கையைக் காதில் வைத்து முன்னால் சாய்ந்தார். "விலகி நிக்கிறியளோ?"

"இல்லை. விலகி நிக்கவும் ஏலாது."

மறுபடி அமைதி. அவ்வளவு நாளும் எனக்கு ஆறுதலாக இருந்த அதே அமைதி. அந்த ஆசிரியை மேலே இருந்தபோது, கதவைத் தட்டியவர்களிடம் உண்மையைச் சொல்லியிருப்பீர்களா என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் நான் ஏற்கெனவே பேசிவிட்டேன். அவர்களுடைய ஒழுங்கு எனக்கு அவ்வளவு பழகிப்போயிருந்தது. அது என்னைக் கதிரையில் கட்டிவைத்திருந்தது. வேறு யாராவது கேட்பார்கள் என்று வட்டத்தைச் சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். இந்த விஷயத்தில் ஒருமனம் காணப்படவில்லை என்று எழுத்தர் எழுதி வாசித்தார். ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். கதவைத் திறக்கிறேன் என்றவரும் தலையசைத்தார்.

ட்ராமில் அவரும் நானும் ஒன்றாகத்தான் திரும்பினோம், இருவருக்கும் போகுமிடம் ஒன்றுதானே.  கட்டடத்துக்குள் நுழைந்து அவருடைய வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டேன்.

"இந்த இடத்திலை நிண்டுதான் யா எண்டனியள்."

"ஓம்" என்றார். "அண்டைக்கு அது உண்மை. அண்டைக்கு அதுதான் என்ரை விருப்பம். ஆனால் முடிவைக் கையிலை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகக்கூடாது. அங்கை எனக்குக் கேட்டதைத்தான் நான் சொல்லவேணும். வேறை மாதிரிச் சொல்லியிருந்தால் அதுதான் பொய்."

"ஹனோவரை வேண்டாம் எண்டு சொல்லச் சொன்னியளே. அதுவும் வெறும் விருப்பமோ?"

அவர் கதவுத் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.  அது கூட்டத்தில் இருக்கிற மாதிரி அமைதி இல்லை. நான் மேலே ஏறிப் போனேன்.

இதைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். முடிவெடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு வரக்கூடாது என்பது அவர்களிடம் உண்மையாகவே உள்ள பழைய விதி. சொன்ன சொல் சத்தியத்துக்குச் சமம் என்பதும் உண்மையாகவே உள்ள பழைய விதி. நான் இரண்டையும் படித்திருந்தேன். இரண்டாவதை நம்பி அக்காவிடம் போனேன். என் அயலவர் முதலாவதற்குள் போய் நின்றுகொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை என்பது எனக்குத் தெரியும். கெட்டவராக இருந்திருந்தால் ஏமாந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு இருந்திருப்பேன். தன் மனச்சாட்சியை அவர் சுத்தமாக வைத்துக்கொண்டார், அதற்கான விலையை அக்கா கொடுத்தார். விலகி நிற்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கலாம். அந்தச் சிறிய வழியை அவர்களுடைய ஒழுங்கே வைத்திருந்தது. அவர் அதைக்கூட எடுக்கவில்லை.

அக்காவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் அழவில்லை. "அப்ப கோயில் இல்லை எண்டபடியாலை எனக்கு இடம் இல்லை?" என்று கேட்டார். ஓம் என்றேன். "கோயிலிலையும் இடம் இல்லை, கோயில் இல்லாத இடத்திலையும் இடம் இல்லை. நல்ல ஞாயம் தம்பி." பிறகு எனக்குத் தேத்தண்ணி போட எழும்பினார்.

வேறு இடங்களில் கேட்டோம். ஒன்றும் வாய்க்கவில்லை. ஒரு காலை பொலிஸார் அவருடைய அறைக்கு வந்து, உடுப்புகளை அடுக்க நேரம் கொடுத்து, பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். செய்தி எனக்குத் தொழிற்சாலையில் கிடைத்தது. அன்றும் வேலை முடியும்வரை நின்று அளந்தேன், ஒரு துண்டுகூடப் பிழையாகப் போகவில்லை. வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நான் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினேன். எழுத்தர் பெண்மணி ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, உங்கள் கதிரை காலியாக இருக்கிறது என்றார். வட்டத்தைச் சின்னதாகப் போடுங்கள் என்றேன். மரியாதைக் குறைவுதான். அதற்காக நான் வருந்தவில்லை.

அக்கா கொழும்பில் ஒரு விடுதியிலிருந்து பேசினார். அங்கேயும் சமையல்தான் செய்கிறாராம். வீடு இன்னும் வலயத்துக்குள். ஊர்ப்பக்கம் மறுபடி குண்டு வெடிக்கத் தொடங்கியிருந்தது. நான் ஏதோ மன்னிப்பு மாதிரிச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடையில் மறித்தார்.

"அதை விடுங்கோ. அந்தப் பேசாத மனிசன் இப்பவும் கீழைதான் இருக்கிறாரோ?"

"ஓம் அக்கா."

"படி துடைக்கிறவரோ?"

"துடைக்கிறவர்."

"வடிவாத் துடைக்கச் சொல்லுங்கோ" என்றார். சிரிப்பு வருகிறதா என்று காத்திருந்தேன். வரவில்லை, தொலைபேசி அட்டையில் காசு முடிந்து தொடர்பு அறுந்தது.

என் அயலவரும் நானும் படியில் கண்டால் வணக்கம் சொல்வோம். அதற்கு மேல் இல்லை. அக்கா பேசியதற்கு அடுத்த வாரம் என் முறை. சனிக்கிழமை வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். படி ஏற்கெனவே ஈரமாக இருந்தது. மேலிருந்து கீழே தெருக்கதவு வரை, கைப்பிடிக் கம்பிகள் உட்பட, எனக்காக அவர் துடைத்து வைத்திருந்தார். என் பலகையையும் அடுத்த வீட்டுக் கதவில் கொழுவியிருந்தார். குனிந்து மூலைகளைப் பார்த்தேன். ஒரு தூசி இல்லை.

பலகையை எடுத்து வந்து மறுபடி என் கதவில் கொழுவினேன். வாளியை நிரப்பி, மேல்படியிலிருந்து ஒவ்வொரு படியாக முழுவதையும் திரும்பத் துடைத்தேன். அவருடைய வாசலுக்கு வந்தபோது உள்ளே காலடிச் சத்தம் கதவருகில் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. நான் அந்தப் படியையும் துடைத்துவிட்டுக் கீழே போனேன்.