நாகசுப்பிரமணியனின் நூறு வாட் பெட்டி

நாகசுப்பிரமணியன் வெள்ளைத் துணியால் ஒரு வால்வைத் துடைத்துக்கொண்டிருந்தார். பழைய ரேடியோவுக்குள் இருக்குமே, அந்தக் கண்ணாடிக் குழல்தான். இது கத்தரிக்காய் அளவு இருந்தது. கண்ணாடியில் விரல் படாமல் அடியைப் பிடித்து, அப்படி நான்கு குழல்களையும் ஒரு பெரிய பெட்டியின் பின்புறம் செருகினார்.

கோச்சடையில் அவர் வீட்டுக்கு நான் போனது அவர் மனைவி ஹம்சவேணிக்காக. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். வீட்டு நர்ஸ் வேலையில் எனக்கு முப்பது வருடம் ஆகிறது. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கரண்ட் மெயின் எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்வேன்.

நாகசுப்பிரமணியன் பசுமலையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் லேபில் முப்பத்தொரு வருடம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முகூர்த்த நாட்களில் மண்டபங்களில் கிட்டார் வாசிப்பார். அந்தப் பெட்டி அவருடைய நூறு வாட் ஆம்ப்ளிஃபயர். சென்னையில் வாங்கி, ரயிலில் அதற்கும் ஒரு டிக்கெட் எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்துக் கொண்டுவந்தாராம். ஒரு சுவிட்சில் மணிபோலத் தெளிவாகப் பேசும். இன்னொன்றில் கரகரக்கும். மூன்றாவதில் லாரி மேடேறுவதுபோல உறுமும். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே அலமாரியில் டம்ளர்கள் ஆடும்.

"காப்பி போடுறதுக்கு முன்னாடியே அந்தப் பொட்டியப் போட்டுச் சூடேத்திருவாரு. என் காப்பிதான் ஆறிப்போய் வரும்" என்பார் ஹம்சவேணி.

அன்று காலை நாகசுப்பிரமணியனின் அக்கா மகன் உமேஷ் பாட்டு ஒத்திகைக்கு வந்திருந்தான். அவரிருந்த கல்லூரியிலேயே படித்தவன். சமயநல்லூரில் மறுவாரம் ஒரு கச்சேரி. நான் அப்போதுதான் கூடத்தைத் துடைத்து முடித்திருந்தேன். நாகசுப்பிரமணியன் தடித்த ரப்பர் செருப்போடு உள்ளே வந்தார். வீட்டுக்குள்ளும் அதைக் கழற்றவே மாட்டார்.

"சார், உங்களுக்குச் சர்க்கரை இருக்கா?"

"இல்லக்கா."

"பெறகு என்னத்துக்கு வீட்டுக்குள்ள செருப்பு? கழட்டுங்க. இப்பத்தான் தொடச்சேன்."

"மாட்டுனீங்களா மாமா?" என்று உமேஷ் சிரித்தான். அவரும் சிரித்துக்கொண்டே வாசலில் கழற்றிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கிட்டாரை எடுத்தார்.

பெட்டியிலிருந்து ஒரே ஒரு சத்தம்தான் வந்தது. அது நிற்கவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். கம்பிகளை இறுகப் பிடித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பு விறைத்து நின்றார். உமேஷ் அவரை இழுக்கப் பாய்ந்தான். மாப்பின் கட்டையால் அவன் கையில் ஓங்கி அடித்தேன். "தொடாதடா!" மெயினை இறக்கினேன். அவர் மரம்போல விழுந்தார்.

நாடி இருந்தது. மூச்சு இல்லை. உமேஷை 108-க்குப் போன் போடச் சொல்லிவிட்டு, மூக்கைப் பொத்தி வாயில் வாய் வைத்து ஊதினேன். பக்கத்து அறையிலிருந்து ஹம்சவேணி அவர்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் கத்திக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் என்ன கேட்கிறார் என்று தெரிந்தது. பதில் சொல்ல என்னிடம் மூச்சு மிச்சமில்லை. பதினாறாவது ஊதலில் அவராக இருமினார். அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தேன்.

இதயத்துடிப்பைக் கண்காணிக்க ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் பார்க்கப் போனபோது அவரே சொன்னார்: "இரைச்சல் வருதுன்னு பிளக்குல மூணாவது முள்ள, அந்த எர்த் முள்ள, நான்தான் வெட்டினேன். பன்னெண்டு வருசமாச்சு. ரப்பர் செருப்பு இருக்குல்ல, அது போதும்னு இருந்துட்டேன்."

உமேஷ் அவரையே வெறித்துப் பார்த்தான். "லேப்புல எர்த் இல்லாம ஒரு ஒயரத் தொட்டா எங்கள எம்புட்டுத் திட்டுவீங்க மாமா!"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். முள்ளை வெட்டியது அவர்; செருப்பைக் கழற்ற வைத்தது நான். வீட்டுக்கு வந்து ஹம்சவேணியிடம் இரண்டையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "காலையில எலக்ட்ரீசியன் தவசிய வரச் சொல்லுங்கக்கா" என்றார்.

மறுநாள் காலை தவசி வந்தார். கட்டிலைக் கூடம் தெரியும்படி திருப்பச் சொல்லி, ஹம்சவேணி படுத்தபடியே வேலையைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நாகசுப்பிரமணியன் போனில் கத்தினார்: "பிளக்கப் பிடுங்கிட்டாலும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும். அவசரப்பட்டுக் கைய விட்றாதீங்கண்ணே!"

"இத நேத்தே யோசிச்சிருக்கலாம் சார்" என்றார் தவசி. ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்து, செம்பு இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த இரும்பு வழியாகத்தான் கிட்டார் கம்பிக்குக் கரண்ட் வந்திருக்கிறது. புது ஒயரும் மூன்று முள் பிளக்கும் மாட்டினார். வீட்டின் எர்த்தையும் சோதித்தார். கடைசியாக ஆம்ப்பைப் போட்டு, கிட்டாரின் ஆறு கம்பியிலும் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரியவில்லை. பெட்டி மட்டும் மெதுவாக இரைந்தது.

"இரைச்சல் கேக்குதே" என்றார் நாகசுப்பிரமணியன் போனில்.

"இரையட்டும்" என்றார் ஹம்சவேணி. "போன வச்சிட்டு மாத்திரையப் போடுங்க."

நான் அவரைப் பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, முதுகுக்குப் பவுடர் போட்டேன்.