கேட்டால் குறையும் கிலோ

ஸ்மால்டாக் என்ற நிரல் மொழியை இந்தக் காலத்தில் யாரும் ஆசைப்பட்டுப் படிப்பதில்லை. என் அண்ணி படிக்க வந்தார். அதுவும் ஒரே வாரத்தில் படித்து முடிக்க வேண்டுமாம்.

நான் வேலை செய்யும் கொழும்புக் கம்பனியில் அந்த மொழியில் எழுதிய பழைய மென்பொருள் ஒன்று இன்னும் ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். பட்டம் தேவையில்லை, டெஸ்ட் மட்டும். அண்ணி தேயிலைத் தோட்டத்தில் பத்து வருடம் கொழுந்து எடுத்தவர். பலாங்கொடை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்து, அந்தச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். லொறி விபத்துக்குப் பிறகு அண்ணனால் எழுந்து நடமாட முடியவில்லை. இந்த வேலை கிடைக்காவிட்டால் நான்கு வயது மகளை விட்டுவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று பாஸ்போர்ட்டும் எடுத்தாகிவிட்டது.

இதெல்லாம் தெரிந்தும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கணக்கப்பிள்ளை வீட்டுக்குக் கொழுந்துக்காரி மருமகளா என்று அம்மா ஆறு மாதம் அவரோடு பேசாமல் இருந்தவர். அந்தக் குணம் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

“ஒங்களுக்குத் தெரிஞ்சதையே எழுதுங்க. ஒரு ஆள் எடுத்த கொழுந்து எத்தன கிலோன்னு,” என்றேன். நக்கலாகத்தான் சொன்னேன்.

எழுதினார். ஓட்டியதும் பிழை. கிலோவுக்குத் தொடக்க மதிப்பே கொடுக்கவில்லை.

“உள்ள ஒண்ணுமே இல்லாததோட பன்னெண்டக் கூட்டச் சொன்னா எப்படி அண்ணி கூட்டும்? பொருள உண்டாக்கும்போதே இனிஷியலைஸ்ல சைபர்னு போடணும்.”

“புதுசா கட்டிக் குடுத்த வீட்டுல பைப்பு இருக்கும், தண்ணி வராதே. அந்த மாதிரிங்களா?”

அந்த மாதிரிதான். ஆனால் நான் பாராட்டவில்லை. அடுத்ததற்குப் போனேன். பொருளுக்குள் இருப்பதை வெளியே இருப்பவர்கள் தொட முடியாது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மெத்தட், மாற்ற இன்னொரு மெத்தட். கூலிக்கு ஆள் வைத்து விளக்கினாலும் இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

மறுநாள் காலை எழுதிக் கொண்டுவந்தார். இருபத்துநான்கு கிலோ போட்டேன். எவ்வளவு என்று கேட்டேன். இருபத்திரண்டு என்றது. மறுபடி கேட்டால் இருபது. மறுபடியும் கேட்டால் பதினெட்டு. விழுந்து விழுந்து சிரித்தேன். ஹோலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சிரித்தேன்.

“கேட்டா சொல்லணும், அவ்வளவுதான். கேக்குறப்பெல்லாம் ரெண்டு ரெண்டா கழிக்கச் சொல்லி எந்த மடையன் சொல்லிக்குடுத்தான்?”

அண்ணி கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“தராசுல போட்டதும் சாக்குக்குன்னு ரெண்டு கிலோ கழிப்பாங்க. எத்தனைங்கன்னு திரும்பக் கேட்டா, கொழுந்துல தண்ணி நிக்கிதுன்னு இன்னும் ரெண்டு கழிப்பாங்க. அதனால நாங்க யாருமே ரெண்டாந்தடவ கேக்க மாட்டோம். நான் அதத்தான் எழுதுனேன்.”

அந்தத் தோட்டத்தில் கொழுந்தை எடைபோட்ட கணக்கப்பிள்ளை என் அப்பா. அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். “அந்த வரிய அழிச்சிருங்க,” என்று மட்டும் சொன்னேன்.

டெஸ்டில் பிழையான நிரல் ஒன்றைக் கொடுத்துக் குற்றம் கண்டுபிடிக்கச் சொன்னார்களாம். பார்க்கப் பார்க்க மதிப்பு மாறிக்கொண்டே இருந்ததாம். பட்டம் வாங்கிய மேதாவிகள் நான்கு பேர் முழித்துக்கொண்டிருக்க, அண்ணி பார்த்ததுமே கேட்கிற மெத்தடைக் காட்டியிருக்கிறார். “ஹொந்தட்ட உகன்னலா,” நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாய் என்று மேலாளர் எனக்குப் போன் எடுத்துச் சிங்களத்தில் பாராட்டினார். வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

அண்ணி பாஸ்போர்ட்டை அலமாரியின் அடித்தட்டில் போட்டார். அப்பா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு, “யாரும்மா இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?” என்று கேட்டார்.

“நீங்கதான் மாமா.”

அந்த மனிதருக்கு அது புகழ்ச்சியாகவே கேட்டது. மாலையில் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வந்தார்.